கம்பளச் சாமந்தி

ஒரு வீட்டுக்கு விருந்தாளி வந்தால் பாய் விரிக்கலாம். பாயே விருந்தாளியாக வந்து இறங்கினால் என்ன செய்வது என்று புஷ்பவள்ளிக்குத் தெரியவில்லை. லோரி டிரைவர் ராஃபேல் வாசலில் இறக்கி வைத்த மண்ணெண்ணெய் டின்னுக்குள் எட்டிப் பார்த்தாள். கலங்கிய தண்ணீருக்கு அடியில் பழுப்பும் பச்சையுமாக ஏதோ சுருண்டு கிடந்தது.

“என்ன தம்பி, யாரோ கிழிச்சுப் போட்ட ஜமுக்காளத்தத் தூக்கிக்கிட்டு வந்திருக்கே?”

“ஜமுக்காளம் இல்லண்ணி, கடல் உசுரு. சாசாரான் மணல் திட்டுல படகுக்கார ஆ செங் எடுத்துக் குடுத்தான். நல்லா விரிஞ்சா சோத்துத் தட்டு அகலத்துக்கு வருமாம். கைய கிய வச்சிடாதீங்க, புடிச்சுக்கும்லா.”

வைக்காதே என்றால் வைப்பது புஷ்பவள்ளியின் பிறவிக் குணம். விரலை விட்டாள். சுருண்டு கிடந்தது அவள் விரலைப் பிடித்துக்கொண்டது. கடிக்கவில்லை, குத்தவில்லை, பசை தடவியது போல ஒட்டி, போகாதே என்று சொல்வது போல லேசாக இழுத்தது. கண் இல்லை, முகம் இல்லை, இருந்தும் தன்னைத் தெரிந்துகொண்டுவிட்டது என்று அவளுக்குத் தோன்றியது. உடம்பெல்லாம் புல்லரித்தது.

“ஏங்க, இங்க வாங்க,” என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள்.

அது மலாயாவில் அவசரகாலம். பெரிய வாய்க்கால் தோட்டத்து லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாதென்று அரிசியை அளந்து கொடுத்தார்கள். ரப்பர்ப் பால்மரம் வெட்டப் போகிறவர்களின் மடியையும் வாளியையும் வாசல் கேட்டில் தடவிப் பார்த்துத்தான் வெளியே விட்டார்கள். உப்பு, சர்க்கரை, டின் மீன், மருந்து, எல்லாவற்றுக்கும் கணக்கு. மூச்சுக்கு மட்டும்தான் கணக்குக் கேட்கவில்லை.

புஷ்பவள்ளியின் புருஷன் காளியண்ணன் அந்தத் தோட்டத்து லோரியைப் பல வருஷம் ஓட்டியவன். ரப்பர் ஷீட்டை ஏற்றிக்கொண்டு கோலா சிலாங்கூருக்குப் போவான். போகும்போதெல்லாம் துறைமுகப் பக்கம் லோரியை நிறுத்தி, ஒரு சுருட்டு முடியும்வரை கடலைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவான். ஒரு நாள் காலை, அவனுக்கு உதவியாளாகக் கூடப் போகும் கெலிண்டான் நல்லசாமி பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தபோது மரங்களுக்குள்ளிருந்து குண்டு வந்தது. காளியண்ணன்மேல் ஒரு கீறல் இல்லை. தோளில் சாய்ந்த நல்லசாமியோடு ஆஸ்பத்திரி வரைக்கும் ஓட்டிக்கொண்டு போனான். போய்ச் சேர்ந்தபோது ஆஸ்பத்திரியால் செய்ய ஒன்றும் மிச்சமில்லை.

மறுநாள் ஆபீஸ் கணக்கர் கிராணி சிவானந்தத்தின் மேசையில் சாவியை வைத்துவிட்டான். “நான் ஓட்டுனா பக்கத்துல ஒருத்தன் உக்காரணும் சார். இனிமே யாரும் உக்கார வேணாம்.” அவ்வளவுதான் சொன்னான். இஞ்சின் வீட்டில் வேலை கொடுத்தார்கள். அன்றிலிருந்து கம்பிக்கு வெளியே ஒரு அடி வைக்கவில்லை, நல்லசாமியின் பெயரையும் சொல்லவில்லை. சாப்பிடு என்றால் சாப்பிடுவான், படு என்றால் படுப்பான். புருஷன் உயிரோடிருக்கும்போதே இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக வற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்துப் புஷ்பவள்ளிக்கு வயிறு எரிந்தது.

அவன் கடலுக்குப் போகாவிட்டால் கடலை இங்கே வரவழைக்க வேண்டியதுதான் என்று முடிவு கட்டினாள். ஊருக்குத் திரும்பிப்போன துரைசாணி விட்டுச்சென்ற பெரிய கண்ணாடித் தொட்டி ஒன்று பங்களாவின் பின்கட்டில் தூசி படிந்து கிடந்தது. கேட்டு வாங்கினாள். ராஃபேலைக் கெஞ்சி டின் டின்னாகக் கடல் தண்ணீரும் மணலும் கொண்டுவரச் செய்தாள். முதலில் விட்ட மீன்கள் செத்துப்போயின. எதுவும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்த காளியண்ணன் ஒரு நாள் பழைய லோரி டியூபை எடுத்து வந்து, காற்றடித்து, அதன் வாயில் மெல்லிய ரப்பர்க் குழாயைச் செருகி, மறுமுனையைத் தண்ணீருக்குள் விட்டான். முத்து முத்தாகக் காற்று மேலே வந்தது. அதற்கப்புறம் எதுவும் சாகவில்லை. டியூபுக்குக் காற்றடிப்பதற்காகவே அவன் சீக்கிரம் எழுந்திருக்கத் தொடங்கினான். புஷ்பவள்ளி மாரியம்மனுக்குக் கற்பூரம் ஏற்றினாள்.

இப்போது இந்தக் கம்பளம் வந்திருக்கிறது.

காளியண்ணன் டின்னுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தான். பிறகு, “அந்த எனாமல் பேசின் தட்டத்த எடு,” என்றான். அவனாக ஒரு வேலையைச் சொல்லி எத்தனை நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டே அவள் ஓடினாள்.

பேசினில் அதை அதன் தண்ணீரோடு சாய்த்தார்கள். தொட்டித் தண்ணீரை ஒரு குவளை அதில் ஊற்றுவான், ஒரு பீடி பிடிக்கும் நேரம் காத்திருப்பான், மறுபடி ஒரு குவளை. “ஒரே அடியா புதுத் தண்ணில போட்டா அதுக்குத் தாங்காதுன்னு ஆ செங் சொன்னான்,” என்று ராஃபேல் சொல்லியிருந்தான். சாயங்காலம் காளியண்ணன் அதை இரண்டு கைகளாலும் ஏந்தித் தொட்டியின் நடுவில் மணல்மேல் வைத்தான். காற்றுக் குமிழியை ஓரத்துக்குத் தள்ளி வைத்தான். அது கசக்கிய துணியாகவே கிடந்தது.

காலையில் பார்த்தால் வைத்த இடத்தில் இல்லை.

“நடந்திருக்கு,” என்றான் காளியண்ணன். கால் இல்லாதது நடந்து, வெயில் விழும் ஜன்னல் பக்க மூலைக்குப் போயிருந்தது. அங்கே அடிக்காலை மணலுக்குள் இறக்கிக் கண்ணாடியைப் பற்றிக்கொண்டு, வெயில் ஏற ஏற விரிந்தது. மடிப்பு மடிப்பாக ஓரங்கள் பிரிந்தன. உடம்பு முழுவதும் குட்டை குட்டையான விரல்கள், நெல்நாற்று நெருக்கத்தில், ஒவ்வொன்றின் நுனியிலும் பச்சை வெளிச்சம். தண்ணீர் அசைந்தபோது அத்தனையும் ஒன்றாகச் சாய்ந்து ஒன்றாக நிமிர்ந்தன. நடுவில் சின்னதாக ஒரு வாய். விரல்களுக்கிடையே கண்ணாடி போன்ற இறால் ஒன்று, வெள்ளைப் பொட்டு வைத்துக்கொண்டு, சொந்த வீட்டில் நடப்பது போல நடந்தது.

புஷ்பவள்ளி கைகூப்பிவிட்டாள். எதைக் கும்பிடுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. “சாமந்திப் பூவுல கம்பளம் நெய்து போட்ட மாதிரி இருக்குங்க.”

“கம்பளச் சாமந்தி,” என்று காளியண்ணன் பெயர் வைத்தான். சிரித்தான்.

இப்படிப்பட்ட விருந்தாளிக்குக் கண்ட பாத்திரத்தில் தண்ணீர் வைக்கலாமா? தொட்டியில் கொஞ்சம் தண்ணீர் குறைந்திருந்தது. ராஃபேல் கூடுதலாகக் கொண்டுவந்த டின்னில் சேறு கலங்கியிருந்தது. புஷ்பவள்ளி அம்மா வீட்டுச் சீராக வந்த பித்தளை அண்டாவைப் பரணிலிருந்து இறக்கினாள். புளி போட்டுத் தேய்த்தாள். தங்கமாக மின்னியது. அதில் முக்கால் டின் கடல் தண்ணீரை ஊற்றி இரவெல்லாம் தெளியவிட்டாள். காலையில் தெளிந்ததை மொண்டு மொண்டு தொட்டியில் விட்டாள். சாமி அபிஷேகம் செய்யும் பக்தியோடுதான் செய்தாள்.

மத்தியானம் இறால் மல்லாந்து மிதந்தது.

அடுத்தபடி சாமந்தி சுருங்கியது. கண்ணாடியைப் பற்றியிருந்த அடிக்கால் நழுவியது. வாய் பிளந்துகொண்டு, உடம்பெல்லாம் சளி வழிய, கவிழ்ந்து விழுந்தது. காளியண்ணன் டியூபுக்குக் காற்றடித்தான், குமிழியை இடம் மாற்றினான், ஜன்னலைத் திறந்தான். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவனும் சும்மா உட்கார்ந்துவிட்டான். அவன் முகத்தைப் பார்த்தாள் புஷ்பவள்ளி. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த அன்று இருந்த அதே முகம்.

பயத்தை அடக்க ஏதாவது வேலை செய்தாக வேண்டும். அண்டாவைக் கழுவலாம் என்று சாய்த்தாள். அடியில் தங்கியிருந்த சேற்றைச் சுற்றிப் பச்சையாக ஒரு வளையம்.

களிம்பு.

ஈயம் பூசாத பித்தளையில் புளி வைக்கக் கூடாது, மோர் வைக்கக் கூடாது என்பது அவளுக்குத் தெரியாததா? வருஷத்துக்கு இரண்டு தடவை ஈயம் பூசுகிற நாராயணசாமி துருத்தியும் நவச்சாரமுமாக லயத்துக்கு வருவார். முள்கம்பி போட்ட நாளிலிருந்து கேட்டில் அவரை உள்ளே விடுவதில்லை. அண்டாவின் ஈயம் எப்போதோ தேய்ந்து போயிருந்தது. அதனால்தானே சமையலுக்கு எடுக்காமல் பரணில் போட்டிருந்தாள். புளிக்கு யோசித்தவள் கடல் உப்புக்கு யோசிக்கவில்லை. தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“ஏங்க. நான்தாங்க வெஷம் வச்சுட்டேன்,” என்று அண்டாவைக் காட்டினாள்.

அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். டின்னில் கால்வாசிக்கு அண்டாவில் ஊற்றாத பழைய கடல் தண்ணீர் மிச்சமிருந்தது. அதை எனாமல் பேசினில் ஊற்றி, சாமந்தியை அதில் எடுத்து விட்டான். “இது ரொம்ப நேரம் பத்தாது. தொட்டித் தண்ணியப் பூரா மாத்தணும்.”

“ராஃபேல்கிட்ட…”

“ராஃபேலு காய்ச்சல்ல கெடக்கான். மலேரியா.”

அது அவளுக்கும் தெரியும். வெளியே ஆபீஸ் வாசலில் ரப்பர் ஷீட் ஏற்றிய லோரி டிரைவர் இல்லாமல் காலையிலிருந்து நிற்பதும் தெரியும். இரண்டு பேரும் அந்த லோரியைப் பற்றிப் பேசவில்லை. பேசினில் கிடந்த வாய் ஒரு தடவை மூடித் திறந்தது. காளியண்ணன் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு ஆபீஸை நோக்கி நடந்தான்.

கிராணி சிவானந்தம் வாயாடி. அன்றைக்கு ஒரு வார்த்தை கேட்காமல் சாவியை எடுத்து நீட்டினார்.

பக்கத்து வீட்டு லெட்சுமியிடம் டியூபுக்குக் காற்றடித்துக்கொண்டிருக்கச் சொல்லிவிட்டுப் புஷ்பவள்ளி காலி டின்களோடு லோரிக்கு ஓடினாள். “நீ எதுக்கு?” என்றான். “டின்ன யாரு புடிக்கிறது?” என்றாள். அவன் முன்கதவைச் சாத்திக்கொண்டான். “முன்னாடி வேணாம். பின்னாடி ஏறு.” சண்டை போட அது நேரமில்லை. ரப்பர் ஷீட்டுகளின் மேல் ஏறி உட்கார்ந்தாள். கேட்டைத் தாண்டியதும் லோரி ஒரு முறை குலுங்கி நின்றது. அவன் காலியான பக்கத்து சீட்டையே பார்ப்பதைப் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தாள். பிறகு லோரி நகர்ந்தது. மரங்களுக்கு நடுவில் போகும் அந்த வளைவு வந்தபோது அவள் கண்ணை மூடிக்கொண்டு அவனுக்காக வேண்டிக்கொண்டாள். தனக்காக வேண்டிக்கொள்ள மறந்துபோனாள்.

கோலா சிலாங்கூரில் சரக்கை இறக்கிவிட்டுச் சாசாரானுக்குப் போனார்கள். கரையோரத் தண்ணீர் வெறும் சேறு. ஆ செங் படகை எடுத்தான். கடல் உள்வாங்கும் வற்றம் உச்சத்தில் இருந்தது. கரை மறைந்து, நடுக்கடல் என்று அவள் பயந்துகொண்டிருந்த இடத்தில் படகு தரைதட்டியது. “இறங்கு,” என்றான் ஆ செங்.

தண்ணீர் கணுக்காலைக்கூட மூடவில்லை. காற்று நின்றிருந்தது. வானம் மொத்தமும் கீழே இறங்கிக் கிடந்தது. மேகத்தின்மேல் கால் வைக்கப் புஷ்பவள்ளிக்குக் கூச்சமாக இருந்தது. மேலே எது, கீழே எது என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை. கொஞ்ச தூரத்தில் காளியண்ணன் ஆகாயத்தில் நடந்துகொண்டிருந்தான். அவனுக்குக் கீழே இன்னொரு காளியண்ணன் தலைகீழாக நடந்தான்.

பிறகுதான் அவற்றைப் பார்த்தாள். அங்கே ஒன்று. இங்கே ஒன்று. பழுப்பு, பச்சை, ஒன்று ஊதா. திட்டு முழுவதும் கம்பளங்கள் விரிந்து கிடந்தன. பக்கத்தில் நிழல் விழுந்ததும் மடங்கி மணலுக்குள் போயின. நிழல் விலகியதும் மெல்ல விரிந்தன. இத்தனையும் இவ்வளவு நாளும் இங்கேயே இருந்திருக்கின்றன. பெரிய வாய்க்கால் தோட்டத்தில் மனிதர்கள் அரிசியை அளந்துகொண்டும் ஒருவர் மடியை ஒருவர் தடவிக்கொண்டும், யார் எப்போது சாவார்கள் என்று தெரியாமல் கிடந்த அத்தனை நாளும், இவை வெயிலைப் பார்த்து விரிந்துகொண்டிருந்திருக்கின்றன. அவளுக்கு அழுகை வந்தது. துக்கம் இல்லை. இவ்வளவு பெரிய ஒன்றைத் தாங்க நெஞ்சில் இடம் போதவில்லை.

காளியண்ணன் பேசினான். அவளிடம்தானா என்று அவளுக்குத் தெரியவில்லை.

“நல்லசாமி சொன்னான். கடலுக்கு நடுவுல வானத்துல நடக்கலாம்ணே, ஒரு நாளைக்குக் கூட்டிட்டுப் போறேன்னான். வெத்தல வாயி, ஒளறுறான்னு நெனச்சேன்.” குனிந்து தண்ணீரைத் தொட்டான். “ஒளறல.”

அப்படியே முழங்காலிட்டு அழுதான். ஆ செங் முகத்தைத் திருப்பிக்கொண்டு டின்களில் தண்ணீர் மொண்டான். அவனுக்கும் யாராவது போயிருப்பார்கள். அந்தக் காலத்தில் யாரும் போகாத வீடு குறைவு.

டின்களை லோரியில் ஏற்றிக் கட்டியதும் புஷ்பவள்ளி வந்தபோது ஏறியதுபோலவே பின்பக்கம் போனாள். “அங்க எடமில்ல,” என்றான் காளியண்ணன். இடம் இருந்தது. அவன் இடதுபக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். அவள் ஏறி உட்கார்ந்தாள். வழி நெடுக அவன் அவளைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்டினான். வளைவு வந்தபோது கியர் போடும் கையை எடுத்து அவள் தோளில் ஒரு நிமிஷம் வைத்துவிட்டு எடுத்தான்.

தோட்டத்து கேட்டில் புதிதாக மாற்றலாகி வந்த போலீஸ் கோப்ரல் மானான் நின்றார். டின்களைப் பார்த்தார். ஒன்றில் விரலை விட்டு நக்கிப் பார்த்தார்.

“உப்பு,” என்றார் மலாயில். “இவ்வளவையும் காய்ச்சினால் எத்தனை காட்டி எடை வரும்? காட்டுக்குள் யாருக்குப் போகிறது? எல்லாவற்றையும் வாய்க்காலில் கொட்டு.”

அவர் கெட்டவர் இல்லை. சட்டம் அப்படி. ஒரு டின்னை அவரே சாய்த்தும் விட்டார். தண்ணீர் செம்மண்ணில் ஓடியது. புஷ்பவள்ளிக்கு உயிரே ஓடியது. காளியண்ணன் லோரியிலிருந்து குதித்து அடுத்த டின்னுக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றான். துப்பாக்கிக் குழல் அவன் மார்புக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. பட்டாசுச் சத்தத்துக்கே இப்போதெல்லாம் கட்டிலுக்கு அடியில் போகிறவன்.

“துவான். ஒரு தடவை வந்து பாருங்கள். பார்த்துவிட்டு நீங்களே கொட்டுங்கள்,” என்றான் மலாயில். குரல் நடுங்கவில்லை.

கோப்ரல் அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு லோரியின் படியில் தொற்றிக்கொண்டார்.

பேசினில் அது சாம்பல் நிறத்தில் குழைந்து கிடந்தது. வாய் பிளந்தபடி இருந்தது. தொட்டியை முழுவதும் இறைத்துக் கழுவினார்கள். புது மணல், புதுத் தண்ணீர். குவளை குவளையாகப் பேசினில் ஊற்றிக் காத்திருந்தார்கள். முதலில் கதவோரம் விறைப்பாக நின்ற கோப்ரல், அப்புறம் துப்பாக்கியைச் சுவரில் சாத்திவிட்டுக் குனிந்தார். அதற்கப்புறம் குவளையை அவரே வாங்கிக்கொண்டார். லெட்சுமி டியூபுக்குக் காற்றடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

தொட்டியில் விட்டபின் வெகுநேரம் ஒன்றுமில்லை. போய்விட்டது என்று புஷ்பவள்ளி மனதுக்குள் முடிவே செய்துவிட்டாள். அப்போது அந்த வாய் மூடியது. இறுக்கமாக, பிடிவாதமாக மூடியது. அடிக்கால் மணலைத் தடவியது. கண்ணாடியின் ஓரத்தைத் தேடிப் பிடித்தது. ஓரத்தில் ஒரு மடிப்பு பிரிந்தது, அடுத்து இன்னொன்று. சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக விழுந்த இடத்தில் விரல்நுனிகள் ஒவ்வொன்றாகப் பச்சை ஏற்றிக்கொண்டன.

“அல்லாஹ்,” என்றார் கோப்ரல் மானான், மூச்சுக்குள். கண்ணாடியில் மூக்கு இடிக்க நின்றுகொண்டிருந்தார். வெகுநேரம் கழித்துத்தான் உத்தியோகம் நினைவுக்கு வந்தது. நிமிர்ந்து தொப்பியைச் சரிசெய்தார்.

“இதற்கு இந்தத் தண்ணீர் அடிக்கடி மாற்ற வேண்டுமா?”

“வேண்டும் துவான்.”

“சரி. போகும் நாளில் கேட்டில் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். காவலுக்கு இருப்பவர்களிடம் நான் சொல்லி வைக்கிறேன். ஓட்டுவது யார்?”

“நான்தான்.”

“கெலிண்டான்?”

புஷ்பவள்ளி தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என் சம்சாரம்,” என்றான் காளியண்ணன். “பக்கத்தில் உட்கார்ந்து வருவாள்.”